பீரங்கிக்கு ஒரு மூக்குப்பட்டை

"இன்னும் ஒரு ஓட்டை ஏத்துங்க," என்றாள் அவள்.

லாயக்காரர் பட்டையை இழுத்தார். குதிரை தலையைத் தூக்கியதில் அவருடைய குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. தோல்வாரின் நுனி கொக்கிக்குள் கொஞ்சம் நகர்ந்து, வழுக்கி, பழைய இடத்துக்கே திரும்பியது.

"ஏறாது டாக்டரம்மா."

"இழுத்தா ஏறும்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசாத மனிதர் என்பதால் குதிரையேற்றப் பள்ளியில் அவருக்குச் 'சத்தம்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் பள்ளியை நடத்திய அவளுடைய கணவர். அவர் இப்போது வீட்டின் முன்னறையில், பெட்டிக்குள் படுத்திருந்தார்.

லாயத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். வண்டிகள் வந்து நிற்பது, நாற்காலிகள் இழுபடுவது, யாரோ யாரையோ "மெதுவா, மெதுவா" என்று அடக்குவது எல்லாம் இங்கே கேட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் அவளை உள்ளே தேடிக்கொண்டிருப்பார்கள். அவளோ கறுப்பு உடையின் ஓரத்தில் வைக்கோல் ஒட்ட, குதிரையின் முகத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அடுத்த கொட்டடியில் மகள் அதே குதிரையின் சேணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பட்டை விஷயத்தில் தலையிடவில்லை. அதுதான் ஒப்பந்தம்.

காலையில் மகள்தான் ஆரம்பித்தாள். மூன்று பேரும் சமையலறையில் நின்றபடியே காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்: அவள், மகள், கணவரின் தம்பி. இடுகாடு ஊரின் மறுகோடியில் இருந்தது. சவ ஊர்திக்குப் பின்னால் பள்ளி மாணவர்கள் நடந்து வருவதாக ஏற்பாடு.

"நான் பீரங்கியில வரேன்," என்றாள் மகள்.

கொழுந்தனின் கோப்பை வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது. "பாப்பா, அது குதிரை இல்ல, கோர்ட்டு கேஸு. ஏறுறதுதான் நம்ம இஷ்டம். இறங்குறது அது இஷ்டம்."

"அப்பாவோட குதிரை சித்தப்பா. அப்பா போறப்ப அது லாயத்துல நிக்காது."

"நிக்கலன்னா கட்டிப் போடு."

"நான் வரேன்னு சொல்லிட்டேன்."

சென்ற வருடம் ஒரு போட்டியின் நடுவில் அந்தக் குதிரை வாயைக் கோணிக்கொண்டு, தாடையை ஒரு பக்கம் தள்ளி, கடிவாளத்துக்குக் கட்டுப்படாமல் வேலியை நோக்கிப் பாய்ந்தது. மகள் விழுந்தாள். காறையெலும்பு இரண்டு துண்டு. பீரங்கி என்ற பெயர் அதற்கு வந்த முதல் நாளிலிருந்தே இருந்தது என்றாலும், அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "இவ இனி அதுல ஏறக் கூடாது. அது பேரும் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது." அவர் சரி என்றார். சரி என்றால் சரிதான். அதன்பிறகு அந்தக் குதிரையில் அவர் மட்டும்தான் ஏறினார். சாப்பாட்டு மேசையில் மற்ற எல்லாக் குதிரைகளைப் பற்றியும் பேசுவார். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. மகளும் அம்மாவிடம் அது பற்றிக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதையே ஒரு பேச்சாக வைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில், மகளின் சட்டைக் கழுத்துக்கு மேலே எலும்பு கூடிய இடத்தில் இருந்த சிறு மேட்டையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"சரி," என்று வந்தது. "ஆனா மூக்குப்பட்டை நான் சொல்றதுதான். நான் சொல்ற இறுக்கம்தான்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு என்ன தெரியும்மா அதைப் பத்தி?"

"இருபது வருஷமா உங்கப்பா சோத்துக்குப் பதிலா அதைத்தானே போட்டாரு எனக்கு."

அது பொய்யில்லை. அவர் பேச்சைக் கேட்டே அவளுக்கு அந்தத் தொழிலின் பாதி தெரிந்திருந்தது. அவள் பல் டாக்டர். கடைத்தெருவில் சின்னதாக ஒரு கிளினிக். "நாம ரெண்டு பேருமே வாயை வெச்சுப் பொழைக்கிறவங்க," என்பார் அவர் விருந்தாளிகளிடம். "இவ கிட்ட வர்றவங்க வாயத் திறக்கணும். என்கிட்ட வர்றதுங்க மூடணும்."

மூடத்தான் மூக்குப்பட்டை. குதிரையின் மூக்கைச் சுற்றித் தாடையோடு சேர்த்துக் கட்டுகிற தோல்வார். வாயை ஆவென்று பிளந்து கடிவாள இரும்பிலிருந்து நழுவ வழியில்லாமல் செய்வது. சேண அறைக்குள் போனபோது அவள் மனதில் இருந்ததும் அந்த ஒன்றுதான். சுவரெங்கும் தோல் தொங்கியது. கன்னத்தைச் சுற்றி ஒரே வாராகப் போகும் சாதாரணப் பட்டை இருந்தது; அது பார்க்கவே பலமற்றதாகத் தோன்றியது. அதனோடு கீழே இன்னொரு மெல்லிய வார் சேர்ந்த இரட்டைப் பட்டை இருந்தது. மூக்கின் மேல் எட்டு வடிவத்தில் குறுக்கே ஓடி, கன்னத்தில் ஒன்றும் வாய்க்குக் கீழே ஒன்றுமாகக் கட்டுகிற குறுக்குப்பட்டை இருந்தது. அதில்தான் தோல் அதிகம், கொக்கி அதிகம். பயந்தவர்கள் பூட்டு வாங்குகிற மாதிரி அவள் அதை எடுத்தாள்.

இப்போது அந்தப் பூட்டுத்தான் பூட்ட மறுத்தது.

"தள்ளுங்க," என்றாள் சத்தத்திடம்.

"டாக்டரம்மா, இது சும்மாவே தலைய உதறும்..."

"தள்ளுங்க."

அவர் தள்ளிக்கொண்டார். அவள் வலது கையால் வாரின் நுனியைப் பிடித்தாள். இழுக்க ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது. எந்த நோயாளியிடமும் செய்வதுபோல இடது கையைத் தாடைக்கு அடியில் கொடுத்து, கட்டை விரலைக் கன்னத்தில் ஊன்றினாள்.

குதிரை நடுங்கியது.

உதறவில்லை, பின்வாங்கவில்லை. கன்னத்தின் தோல் மட்டும் விரலுக்கடியில் ஒருமுறை துடித்தது. இமை பாதி மூடியது. அவள் கை நின்றது. அந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும். வலிக்குதா என்று கேட்டால் இல்லவே இல்லை என்று சொல்லிக்கொண்டு நாற்காலிக் கைப்பிடியை நெரிக்கிறவர்களின் கண்.

வாரை விட்டாள். கட்டை விரலை ஒரு விரற்கடை கீழே நகர்த்தி அழுத்தினாள். ஒன்றுமில்லை. மேலே. ஒன்றுமில்லை. முதலில் ஊன்றிய இடத்துக்குத் திரும்பினாள். அதே துடிப்பு. பட்டையின் மேல்வார் சரியாக அந்த இடத்தின் மீதுதான் ஓடியது.

"இதக் கழட்டுங்க," என்றாள்.

"எதை?"

"எல்லாத்தையும்."

சேணம் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றதை அவள் பார்க்காமலே உணர்ந்தாள். முற்றத்தைக் கடந்து வீட்டுக்குள் போனாள்.

முன்னறையில் பேச்சு அடங்கியது. வந்திருந்தவர்கள் எழுந்து, அவள் அமர ஒரு நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தினார்கள். அவள் வைத்தியப் பை சுவரலமாரியில், பெட்டிக்குப் பின்னால் இருந்தது. அவரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

நேற்று முன்தினம் மாலை போன் வந்தபோது அவள் ஒருவரின் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தாள். பயிற்சித் திடலின் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, குதிரைமேல் சுற்றிவந்த ஒரு பெண்ணிடம் எதையோ திருத்திச் சொல்லிக்கொண்டே அவர் சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு. அவள் கேட்டுக்கொண்டு போனை வைத்தாள். குடைந்த பல்லைத் திறந்தபடி விட்டுப் போக முடியாது. தற்காலிகமாக அடைத்து, காயும்வரை காத்திருந்து, "இந்தப் பக்கம் கடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். ஆஸ்பத்திரியில் யாரும் அவசரப்படவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

வாய் திறந்துகொள்ளாமல் இருக்க அங்கே அவர் தாடையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். அது இன்னும் இருந்தது. இனி அதற்கு வேலையில்லை. இறுகிய தாடை தானே நிற்கும். காதுக்குப் பின்னால் இருந்த முடிச்சை அவள் அவிழ்த்தாள். துணி இருந்த இடத்தில் கன்னம் பள்ளமாக இருந்தது. அதை விரலால் ஒருமுறை நீவிவிட்டாள். பிறகு அலமாரியைத் திறந்து கையுறையும் சின்ன டார்ச்சும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நகர்த்திய நாற்காலி அப்படியே இருந்தது.

"எங்க அண்ணி போறீங்க?" கொழுந்தன் பின்னாலேயே வந்தான். "வந்தவங்க எல்லாம் கேக்குறாங்க."

"ஒரு பேஷண்ட் இருக்கு."

அவன் டார்ச்சைப் பார்த்தான், லாயத்தைப் பார்த்தான், கூடவே வந்தான்.

சத்தத்துக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குதிரையின் வாயோரத்தில், பல்லில்லாத இடைவெளியில் கையை நுழைத்து நாக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தார். வாய் திறந்தது. புல்லின் சூடான நெடி முகத்தில் அடித்தது. மனித வாயில் இரண்டு விரல் தூரத்தில் இருப்பது இங்கே ஒரு முழக்கை தூரத்தில் இருந்தது. அவள் கன்னத்தை ஓரமாக விலக்கி டார்ச்சை அடித்தாள். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு உளி மாதிரி கூராக இருந்தது. அதற்கு நேரே, கன்னத்தின் உட்சதையில், ஓரம் வெளுத்த ஒரு புண். பழைய புண்ணின் தழும்பு மேலேயே புதிதாக வந்தது.

"விடுங்க," என்றாள்.

குதிரை நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு சவைத்தது.

"பல்லு குத்துது. இந்த வார் வெளியிலிருந்து கன்னத்தைப் பல்லு மேல அழுத்துது. இறுக்க இறுக்க வெட்டும்."

மகள் சேணத் துணியோடு வந்து கொட்டடிக் கதவில் சாய்ந்திருந்தாள்.

"பல்லு ராவ டாக்டரை வரச் சொல்லியிருக்காரு மாஸ்டர். அடுத்த வாரம்," என்றார் சத்தம், தரையைப் பார்த்து. "வருஷா வருஷம் ராவுறதுதான். மறுபடி கூராயிடும்."

"அப்ப அவருக்குத் தெரியும்."

"அப்பாதான் கண்டுபிடிச்சார்," என்றாள் மகள். "நான் விழுந்ததுக்கு அப்புறம். அன்னைக்கு நான் இதே பட்டையைத்தான் போட்டிருந்தேன். போட்டின்னா எல்லாரும் இறுக்கித்தான் கட்டுவாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. எத்தனையோ குதிரைகளின் வாயை வீட்டுக்குக் கொண்டுவந்த மனிதர். கரண்டியைத் தலைகீழாகப் பிடித்து, உப்புக் கிண்ணத்தைப் பல்லாக வைத்து, அவளிடம் யோசனை கேட்டவர். இதை மட்டும் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒரு வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

அதன் பேர் வீட்டுக்குள் வரக் கூடாது என்றவள் நீதானே என்று மகள் சொல்லவில்லை. சொல்லாததற்கு நன்றியாக இருந்தது.

கொழுந்தன்தான் தொண்டையைச் செருமினான். "சரி, விடுங்க. வாய்ப்புண்ணு வேற. குதிரை வேண்டாம். பாப்பா என் வண்டியில வரட்டும்."

"வெறும் கடிவாளத்தோட போறேன்," என்றாள் மகள். "மூக்குப்பட்டையே வேணாம். புண்ணு மேல இரும்பு படாது. வலிக்கலன்னா அவன் ஏன் வாயக் கோணப் போறான்?"

"வழியில ரயில் பாலத்துக்கு அடியில சத்தத்துக்குப் பயந்து பாய்ஞ்சா?" என்றான் கொழுந்தன்.

"பாய்ஞ்சா பாய்ஞ்சதுதான். இறுக்கிக் கட்டியிருந்தும் அன்னைக்குப் பாயலையா?"

பட்டை ஒன்றுமே இல்லாத முகத்தோடு அந்தக் குதிரையை மகளிடம் கொடுப்பதை அவளால் நினைக்க முடியவில்லை. வேண்டாம் என்று இப்போது சொல்லிவிடலாம். காரணமும் கையில் இருந்தது, டாக்டர் சொன்ன காரணம். மகள் போய்க் காரில் உட்காருவாள். சித்தப்பாவின் கார். ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருவாள். அதற்கப்புறம் எத்தனை வருடங்கள் அப்படியே திரும்பி உட்கார்ந்திருப்பாள் என்று யாருக்குத் தெரியும்.

"கன்னத்துல படாத பட்டை ஏதாவது இருக்கா?" என்றாள்.

சத்தமும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தாழ்பட்டை," என்றாள் மகள். "கன்னத்துக்குப் போகாது. கடிவாள இரும்புக்குக் கீழ, முகவாய்க் குழியில சுத்திக் கட்டுறது. ஆனா அதை இப்ப யாரும் போடுறதில்லம்மா."

"ஏன்?"

"இடம் தப்பினா மூச்ச அடைக்கும். கட்டத் தெரியாதவங்க கட்டி, பேரு கெட்டுப்போச்சு."

அது சேண அறையில் ஒரு டிரங்குப் பெட்டியின் அடியில், காய்ந்து வறட்டியாகக் கிடந்தது. சத்தம் எண்ணெய் தடவி, துணியால் உருவி, மறுபடி தடவினார். அதற்குள் மகள் குதிரைக்குக் கடிவாளத்தை மாட்டினாள். மாட்டும்போது அதன் காதுக்குள் ஏதோ சொன்னாள். காது ஒருபக்கம் திரும்பியது.

தாழ்பட்டையை மூக்கின் மேல் வைத்துப் பார்த்தார்கள். முதலில் மிகவும் கீழே இருந்தது. அவள் அதை விலக்கிவிட்டு, தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். எலும்பு எங்கே முடிகிறது, மெத்தென்ற பகுதி எங்கே தொடங்குகிறது. பிறகு குதிரையின் மூக்குத்தண்டின் மீது கட்டை விரலை வைத்து மெல்லக் கீழே இறங்கினாள். கெட்டி, கெட்டி, கெட்டி. ஓரிடத்தில் விரல் அமுங்கியது.

"இங்க வரைக்கும்தான் எலும்பு. இதுக்குக் கீழ வந்தா மூச்சு. பட்டை இதுக்கு மேலதான் நிக்கணும். இன்னும் மேல தூக்கு. போதும். தலைவாரை அந்த அளவுக்குக் குறை."

மகள் குறைத்தாள். இரண்டு பேரின் கைகளும் குதிரையின் முகத்தில் ஒன்றன்மேல் ஒன்று போய் வந்தன. காலையிலிருந்து, அதற்கும் முன்னாலிருந்தே, அவர்கள் தொட்டுக்கொள்ளவில்லை.

"இனி இறுக்கம்," என்றான் கொழுந்தன். "நல்லா இழுத்துக் கட்டும்மா."

"ரெண்டு விரல் நுழையணும் சித்தப்பா. அதான் கணக்கு."

"யார் விரல்? என் விரலா, சத்தம் விரலா? அவருது வாழைப்பூ மாதிரி இருக்கு."

சத்தம் தன் கையைப் பார்த்துக்கொண்டார். மகளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"அப்பா விரலுக்கு ரெண்டு," என்றாள்.

கொக்கியைப் பிடித்திருந்தவள் அம்மா. அவளுடைய விரல்கள் மெலிந்தவை. குழந்தைகளின் வாய்க்குள்ளும் போகும். அவள் இரண்டு விரல்களை மூக்கெலும்புக்கும் பட்டைக்கும் நடுவில் நுழைத்தாள். சற்று யோசித்தாள். மூன்றாவது விரலையும் நுழைக்கப் பார்த்தாள். அது நுழையவில்லை. கொக்கியைக் கழற்றி ஓர் ஓட்டை தளர்த்தினாள். நுழைந்தது.

"இது போதுமா?" என்றாள். குரல் தனக்கே கேட்கவில்லை.

மகள் தன் கையைக் கொடுத்துப் பார்த்தாள். "போதும்மா."

மகள் ஏறி, முற்றத்தில் குதிரையை இரண்டு சுற்று நடத்தினாள். குதிரை கழுத்தை நீட்டி, இறக்கி, இரும்பை மென்றது. வாய் பிளக்கவில்லை. வீட்டு வாசலில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அம்மா அவர்களைப் பார்க்கவில்லை. தளர்வாக இருந்த அந்த ஒரு வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் ஓர் ஓட்டை ஏற்றிவிடலாம் என்று கை பரபரத்தது.

கிளம்பினார்கள். முன்னால் ஊர்தி. அதன் பின்னால் பீரங்கியில் மகள்; துணைக்குப் பக்கத்தில் பள்ளியின் வயதான பெட்டைக் குதிரையில் மூத்த மாணவி ஒருத்தி. கொஞ்சம் இடைவெளி விட்டுக் கொழுந்தனின் கார். அதற்கும் பின்னால் நடந்து வருகிறவர்கள்.

கொழுந்தன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். அண்ணனும் தம்பியும் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்கள். "என்னோடது பிரேக்கை மிதிச்சா நிக்கும்ணே, உன்னோடது?" என்று அண்ணனைச் சீண்டுவான். பழகுகிறவர்களுக்கான கார் அது. பக்கத்து சீட்டில் வாத்தியாருக்குத் தனியாக ஒரு பிரேக். இன்று அந்த சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். காலடியில் அந்தப் பிரேக் இருந்தது.

தெரு முழுக்கக் கடைகள். ஒரு கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி மரியாதை செய்தார். அந்தக் கடகட சத்தத்துக்குக் குதிரை பக்கவாட்டில் நாலு தப்படி ஆடியது. அவள் கால் பிரேக்கின் மேல் போனது. மகள் முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. குதிரை நேரானது. கால் பிரேக்கை விட்டு வரவில்லை.

"அண்ணி, கொஞ்சம் மூச்சு விடுங்க," என்றான் கொழுந்தன்.

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எனக்குக் கேக்கலையே."

ரயில் பாலம் வந்தது. அடியில் நுழையும்போதே மேலே ரயிலும் வந்தது. இரும்புத் தகடுகள் அதிர்ந்தன. பீரங்கியின் தலை வானத்துக்குப் போனது. பின்னங்கால்கள் அடியில் மடங்கின, வால் விறைத்தது. அதன் உடம்பு முழுவதும் ஒரு புள்ளியில் சுருண்டு வெடிக்கக் காத்திருந்தது. மகளின் கைகள் பின்னுக்கு இழுக்கவில்லை. அவை கழுத்தோடு தாழ்ந்து நின்றன. இழு, இழு என்று காருக்குள் அவள் உள்ளங்கை கத்தியது. ரயில் போய்க்கொண்டே இருந்தது. இத்தனை பெட்டிகள் எந்த ரயிலுக்கு உண்டு? கடைசிப் பெட்டியும் போனது. குதிரை இரண்டு முறை பலமாகச் செருமியது. நடந்தது.

பாலம் தாண்டி வெளிச்சத்துக்கு வந்ததும்தான் அது நடந்தது. எதிர்பாராமல் பீரங்கி இடதுபக்கம் வெட்டித் திரும்பியது. ஊர்தியை விட்டு, சாலையை விட்டு, ஓரத்து மரத்தை நோக்கி வேகமாக. அவள் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. கொழுந்தனின் நெற்றி ஸ்டியரிங்கில் முட்டியது. அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். ஒரு செருப்பு சாலையில் கிடந்தது.

மரத்தடியில், தார் இல்லாத மண் தரையில், குதிரை தானாக நின்றது. முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களைப் பின்னேயும் அகட்டி வைத்தது. மகள் அதன் முதுகில் பாரம் விழாமல் சேணத்தின் கால்வளையங்களில் எழுந்து, முன்னால் சாய்ந்து நின்றாள். முகத்தில் பெரிய மரியாதை.

குதிரை மூத்திரம் பெய்தது.

நெடுநேரம் பெய்தது. ஊர்திக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். பின்னால் நடந்து வந்தவர்கள் நின்றார்கள். எதிரே வந்த பேருந்து நின்றது. அதில் தொப்பி அணிந்திருந்தவர்கள் ஊர்தியைப் பார்த்து அதைக் கழற்றி, குதிரையைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்கள். மொத்தத் தெருவும் தலை குனிந்து காத்திருக்க, மண்ணில் நுரை பொங்கி ஓடியது.

"தார்ல பெய்யாது இது," என்றாள் மகள், மேலிருந்து, ரகசியமாக. "கால்ல தெறிக்கும்னு கூச்சம்."

பின்னால் ஏதோ உடைகிற மாதிரி ஒரு சத்தம். கொழுந்தன் காரின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிச் சிரித்துக்கொண்டிருந்தான். "அண்ணன் மட்டும் இதைப் பாத்திருந்தா..." என்றான். அதற்கு மேல் வரவில்லை. நெற்றியில் வீங்கிய இடத்தைத் தேய்த்தபடி திரும்பி நின்றுகொண்டான். தோள்கள் குலுங்கின. இப்போது அது சிரிப்பில்லை.

அவள் போய்த் தன் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். காருக்குத் திரும்பவில்லை. மீதித் தூரம் குதிரைக்குப் பக்கத்தில் நடந்தே போனாள்.

இடுகாட்டில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. பெட்டி இறங்கியது. மண் விழுந்தது. வேலிக்கு அப்பால் மகள் இறங்காமலே நின்றிருந்தாள். இறங்கினால் குதிரை நிற்காது என்றாள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

திரும்பி வந்தபோது வீட்டில் யாரோ நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இருவரும் நேரே லாயத்துக்குப் போனார்கள். சேணத்தை இறக்கியதும் குதிரையின் முதுகிலிருந்து ஆவி எழுந்தது. மகள் தாழ்பட்டையின் கொக்கியைக் கழற்றினாள். கடிவாளத்தைக் காதுக்கு மேல் தூக்கி, இரும்பு பல்லில் இடிக்காமல், அது தானாக விடும்வரை காத்திருந்து எடுத்தாள்.

குதிரை தலையை உதறியது. பிறகு கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி, நீளமான மஞ்சள் பற்கள் எல்லாம் தெரிய, கண் செருகக் கொட்டாவி விட்டது. விட்டு முடித்ததும் இன்னொன்று. தாடை இப்படியும் அப்படியும் கோணியது.

மகளுக்கும் வந்தது. கையில் கடிவாளம் இருந்ததால் வாயை மூட முடியவில்லை.

அவளும் அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. வாய் திறந்துகொண்டே போனது. காதுக்குக் கீழே எங்கோ எலும்பு சொடுக்கியது. கண்ணிலிருந்து நீர் இறங்கிக் கன்னத்தில் ஓடியது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டாவி விட்டா வரும்," என்றாள் அவள்.

"ம்," என்றாள் மகள். தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

குதிரை மறுபடியும் வாயை அகலத் திறந்தது. அவளும் திறந்த வாயை மூடாமல், கொட்டடிக் கம்பியைப் பிடித்தபடி, அதன் எதிரே நின்றாள்.